பழைய விளையாட்டின் விலையும் மதிப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். யானோ புகைவண்டி நிலையத்து எழுத்தர்; பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன். ஆயினும் தபால் தலைகளையும் பழைய பயணச் சீட்டுகளையும் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு இளமை முதலே உண்டு. அப்பழக்கத்தை அறிந்த நண்பர் இருவர் இவ்வாண்டு என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டனர். அவற்றுக்கு யான் கண்ட விடையையே இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

முதல்வர், மாற்றல் உத்தரவு பெற்று வேற்றூர் சென்ற ஓர் அன்பர். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது பரண்மேல் கிடந்த அட்டைப் பெட்டி ஒன்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். அதனுள் இருந்தவை, சிங்கப்பூரிலிருந்து அவருடைய மைத்துனர் முன்னொரு காலத்தில் வாங்கி வந்த வீடியோ கேம் பெட்டியும், அதற்குரிய கேசட்டுகளும். சென்னையில் வேலை பார்க்கும் மகன் இதனைக் கேள்வியுற்று இரண்டு நாள் தந்தையோடு பேசவில்லையாம். “அந்தப் பிளாஸ்டிக் துண்டுக்கு அவ்வளவு மதிப்பா?” என்பது அவர் கேள்வி.

மற்றவர் ஓர் இளைஞர். பழைய கேசட் ஒன்று கோடிக்கணக்கில் விலை போயிற்று என்று செய்தித்தாளில் படித்தவர். சேமநல நிதியிலிருந்து முன்பணம் எடுத்து, உறை பிரிக்காத கேசட் ஒன்றை வாங்கி வைத்தால் மகளின் திருமணத்துக்கு உதவுமா என்று கேட்டார். ஒருவர் எடைக்குப் போட்டார். மற்றவர் கடன் வாங்கி வாங்க எண்ணுகின்றார். பொருள் ஒன்றே. இதன் உண்மை யாது?

அவ்விரு நண்பர்களும் குறிப்பிட்ட விளையாட்டு ‘சூப்பர் மரியோ கார்ட்’ என்பது. கார்ட் என்பது மேற்கூரை இல்லாத, தரையோடு ஒட்டிய சிறு பந்தய வண்டி. மீசை வைத்த குழாய்ப் பணியாளர் மரியோவும் அவர் தோழர்களுமாக எண்மர் அவ்வண்டிகளில் ஏறிப் பந்தயம் விடுவர். வழியில் வாழைப்பழத் தோலை எறிந்து பின்வருவோரை வழுக்கி விழச் செய்யலாம். ஆமை ஓட்டை வீசி முன்செல்வோரைத் தடுக்கலாம். தொலைக்காட்சித் திரையை மேலும் கீழுமாக இரண்டாகப் பகுத்து இருவர் ஒரே நேரத்தில் ஆடலாம். ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1992 ஆகஸ்டில் தன் நாட்டிலும், அடுத்து அமெரிக்காவிலும், 1993-இல் ஐரோப்பாவிலும் இதனை வெளியிட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 87 லட்சத்து 60 ஆயிரம் கேசட்டுகள் விற்றன. கார்ட் பந்தயம் என்னும் விளையாட்டு வகைக்கே இது வழிகாட்டியாயிற்று என்பர்.

87 லட்சம் விற்ற பொருள் எவ்வாறு அரும்பொருளாகும்? இதுவே நம் முதல் ஐயம். இதற்கு விடை என் தொழிலிலேயே உண்டு.

பழைய அட்டைப் பயணச் சீட்டு உங்களுக்கு நினைவிருக்கும். எட்மண்ட்சன் என்னும் ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் கண்ட முறை அது. கெட்டி அட்டையில் வரிசை எண் அச்சிட்டு, இயந்திரத்தில் ஓர் அழுத்து அழுத்தித் தேதி பதித்துக் கொடுப்போம். இந்தியாவில் அவ்வாறு அச்சிட்ட சீட்டுகள் கோடி கோடியாகும். எனினும், பயணம் முடிந்ததும் வாயிலில் சீட்டைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. பெற்ற சீட்டுகள் எண்ணப்பட்டு அழிக்கப்பட்டன. மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாக நம் சாமராஜநகர் வரும் பாதை மீட்டர் கேஜாக இருந்த நாளில் எத்தனை ஆயிரம் பேர் அச்சீட்டில் பயணம் செய்தனர்! இன்று ஒரு சீட்டைக் காண்பது அரிதாக இருக்கின்றது. எத்தனை செய்தார்கள் என்பதைக் கொண்டு ஒரு பொருள் அரிதாவதில்லை. எத்தனை எஞ்சின என்பதைக் கொண்டே அரிதாகின்றது. எறிவதற்கென்றே செய்யப்பட்ட பொருள்தான் பிற்காலத்தில் எளிதில் கிடைக்காத பொருளாகின்றது.

கார்ட் கேசட்டின் செய்தியும் இதுவே. கேசட் பிளாஸ்டிக்காலானது, எளிதில் அழியாது. அது வந்த உறைப்பெட்டியோ மெல்லிய அட்டை. வீட்டுக்கு வந்த அன்றே குழந்தைகள் அதனைக் கிழித்து எறிந்தனர். விளக்கப் புத்தகம் சில நாளில் பக்கம் பக்கமாகப் பிரிந்தது. ஆகவே சேகரிப்போர் இதனை மூன்று நிலையாகப் பிரிப்பர். வெறும் கேசட் மட்டும் இருப்பது முதல் நிலை. கேசட், உறைப்பெட்டி, விளக்கப் புத்தகம், உள்தட்டு எல்லாம் குறைவின்றி இருப்பது இரண்டாம் நிலை. கடையில் வாங்கியவாறே உறை பிரிக்கப்படாது இருப்பது மூன்றாம் நிலை. வெறும் கேசட் வெளிநாடுகளில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். நல்ல நிலையிலுள்ள முழுத் தொகுதிக்கு அதனைவிடப் பன்மடங்கு தருவர். பிரிக்காத உறைக்கு விலை எங்கோ ஏறி நிற்கும். விளையாட்டு மூன்றிலும் ஒன்றே, விலைதான் வேறு. சேகரிப்போர் பெருந்தொகை தருவது பெரும்பாலும் அந்த அட்டைப் பெட்டிக்கே என்றால் நகைப்பீர்கள். ஆயினும் அதுவே உண்மை.

அடுத்து, பொருள் மெய்யானதா, போலியா என்பதைக் காண வேண்டும். 1990-களில் நம் நாட்டுக் கடைத்தெருக்களில் விற்றவற்றுள் பெரும்பாலானவை முந்தைய தலைமுறைக் கேம் பெட்டியைப் பார்த்துச் செய்த மலிவுப் படிகள். ‘9999 இன் 1’ என்று அச்சிட்ட மஞ்சள் கேசட்டைப் பலர் கையாண்டிருப்பீர்கள். சூப்பர் மரியோ கார்ட் அப்பெட்டிகளில் ஓடாது. அதற்கு நின்டெண்டோவின் அடுத்த தலைமுறைக் கேம் பெட்டி வேண்டும். அக்கேசட்டுக்குள்ளேயே கணக்கிடுவதற்கெனத் தனிச் சில்லு ஒன்றும் வைத்துள்ளனர். ஆகவே பரணில் கிடக்கும் கேசட்டெல்லாம் பொற்கட்டி என்று எவரும் எண்ண வேண்டா. இன்று பழைய கேசட்டைப் போன்றே லேபிள் அச்சிட்டு விற்போரும் உளர். கண்ணால் காணாது, கையால் தொடாது, படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்புவது அறிவுடைமை ஆகாது.

இனி, கோடி என்னும் செய்திக்கு வருவோம். 2021 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் ‘சூப்பர் மரியோ 64’ என்னும் வேறொரு கேசட் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 11½ கோடி ரூபாய். செய்தி பொய்யன்று. ஆனால் அது ஒரு கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் விற்ற விளையாட்டு. அந்த ஒரு பிரதி உறை பிரிக்கப்படாதது. தரம் பார்க்கும் நிறுவனம் ஒன்று ஆராய்ந்து, மிக உயர்ந்த மதிப்பெண் இட்டு, ஒளிபுகும் பேழையில் அடைத்துக் கொடுத்தது. அதே விளையாட்டின் வெறும் கேசட்டை எவரும் அவ்விலையில் நூற்றில் ஒரு பங்குக்கும் கேட்கமாட்டார். மேலும், பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தோர் பலர் இத்துறையில் புகுந்ததனால் எழுந்த வேகம் அது; பின்னர் அவ்வேகம் அடங்கிவிட்டது.

எனவே அந்த இளைஞருக்கு யான் கூறிய விடை இது: “தம்பி, சேமநல நிதி உன் முதுமைக்கும் உன் மகளுக்கும் உரியது. நிலம் வாங்கினால் விளைச்சல் உண்டு. வைப்பு நிதிக்கு வட்டி உண்டு. கேசட்டுக்கு இரண்டும் இல்லை. உன்னைவிட அதிகம் ஆசைப்படும் ஒருவன் நாளை வருவான் என்னும் நம்பிக்கை ஒன்றே அதற்கு முதல். அவன் சாமராஜநகருக்கு வருவான் என்பது என்ன உறுதி? விருப்பத்துக்காக வாங்குவதாயின் கைப்பணத்தில் வாங்கு. வாங்கியதைப் பிரித்து உன் மகளோடு அமர்ந்து விளையாடு.” அவர் சற்றே வருந்தினார், எனினும் முன்பணத்துக்கான மனுவை இன்றுவரை எழுதவில்லை என்பதே எனக்கு மகிழ்ச்சி.

அன்பர்களே! இது வரை விலையைப் பற்றிப் பேசினேன். மதிப்பைப் பற்றிப் பேச நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் இவ்வூரின் பெயரிலேயே அதற்கொரு வரலாறு அடங்கியுள்ளது.

அரிகொட்டாரம் என வழங்கிய இவ்வூருக்குத் தம் தந்தையார் சாமராஜ உடையார் இங்குப் பிறந்தமை கருதி 1818-இல் சாமராஜநகர் என்று பெயர் சூட்டியவர் மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். நாம் நாள்தோறும் கண்டு செல்லும் சாமராஜேசுவரர் கோயிலை 1826-இல் எடுப்பித்தவரும் அவரே. 1831-இல் ஆங்கிலேயர் நாட்டு நிர்வாகத்தை அவர் கையினின்றும் எடுத்துக்கொண்டனர். அதற்குப் பிறகும் 1868 வரை வாழ்ந்த அம்மன்னர் கலைகளுக்கும் நூல்களுக்கும் பெரும்பொழுதைச் செலவிட்டார். அவற்றோடு விளையாட்டுகளையும் படைத்தார்.

கஞ்சிபா என்பது பாரசீகத் தொடர்பால் இந்நாட்டில் பரவிய பழைய சீட்டாட்டம். சீட்டுகள் பெரும்பாலும் வட்டமானவை. ஒவ்வொன்றும் கையால் ஓவியம் தீட்டி மெருகேற்றப்பட்டது. எட்டு இனமாக 96 சீட்டு கொண்டது ஒரு வகை. திருமாலின் பத்து அவதாரங்களையும் இனங்களாகக் கொண்டு 120 சீட்டு உடையது மற்றொரு வகை. அரசர்க்கும் செல்வர்க்கும் தந்தத்திலும் ஆமையோட்டிலும் செய்தனர். ஏனையோர்க்குத் துணியையும் காகிதத்தையும் ஒட்டிச் செய்தனர். நம் மன்னர் இவற்றோடு அமையாது, ‘சத்’ எனப்படும் புதிய ஆட்டங்களை வகுத்தார். அவற்றுள் சில 18 இனங்களும் 360 சீட்டுகளும் கொண்டவை. அவர் தொகுப்பித்த ‘ஸ்ரீதத்துவநிதி’ என்னும் ஒன்பது பகுதி நூலின் இறுதிப் பகுதியாகிய கௌதுக நிதியில் இவ்வாட்டங்கள் ஓவியத்தோடு விளக்கப்பட்டுள்ளன.

அச்சீட்டுகளுக்கு இன்று அருங்காட்சியகங்களில் இடம் உண்டு; ஏலங்களில் விலையும் உண்டு. ஜெர்மனியில் பிறந்து பம்பாயில் வாழ்ந்த ரூடால்ப் வான் லைடன் என்னும் கலை விமர்சகர் இந்தியா எங்கும் தேடி இச்சீட்டுகளைச் சேர்த்து ஆராய்ந்தார். 1982-இல் லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவர் எழுதிய கஞ்சிபா நூலை வெளியிட்டது. மைசூர்க் கஞ்சிபா சீட்டுகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. சேகரிப்போர் நோக்கில் இங்கும் விதி ஒன்றே: 120 சீட்டில் ஒன்று குறைந்தாலும் தொகுதி குறைபட்டது. ஓவியமிட்ட மரப்பெட்டியும் உடன் இருந்தால் விலை ஏறும். கார்ட் கேசட்டின் அட்டைப் பெட்டிக்கும் மன்னர் காலத்து மரப்பெட்டிக்கும் இவ்வகையில் வேற்றுமை இல்லை.

ஆனால் இங்கே ஒன்றை ஊன்றிக் காண்க. அவ்வாட்டங்கள் அரண்மனைச் சுவருக்கு வெளியே பரவவே இல்லை என்பர். விதிகள் மிகுதி, சீட்டுகள் மிகுதி, ஆடக் கற்றவர் சிலர். அச்சிலர் மறைந்ததும் ஆட்டமும் மறைந்தது. 360 சீட்டையும் ஒருவர் கோடி கொடுத்து வாங்கலாம். உடன் அமர்ந்து ஆட ஒருவரை எங்கே வாங்குவார்? யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம் ஊரில் சொல்வார்கள். யானைகள் உலவும் காட்டோரத்தில் வாழும் நாம் அதன் பொருளை நன்கறிவோம். இறந்த யானைக்கும் விலை உண்டு. ஆனால் அது நடவாது, பிளிறாது. ஆடுவாரற்ற விளையாட்டும் அத்தகையதே.

இதனை உணர்ந்துதான் மைசூரிலுள்ள ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் என்னும் அமைப்பு பழைய பலகை ஆட்டங்களைக் கைவினைஞர் கொண்டு புதிதாகச் செய்வித்து, ‘கிரீடா கௌசல்யா’ என்னும் கண்காட்சியில் வைத்து வருகின்றது. மைசூருக்கு இரண்டு மணி நேரப் பயணமே. குடும்பத்தோடு சென்று காண வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்போது அந்த மைத்துனர் கொணர்ந்த கேசட்டுக்கு வருகின்றேன். சூப்பர் மரியோ கார்ட் கேசட்டினுள் காசு போன்ற சிறு பேட்டரி ஒன்று உண்டு. இன்ன பாதையை இத்தனை நொடியில் கடந்தேன் என்று ஆடியவர் பெற்ற சிறந்த நேரத்தை அதுவே நினைவில் வைத்திருக்கும். பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் கெடாது; நேரக் குறிப்புகள் அழிந்துவிடும். ஏலத்தில் அதற்கு ஒரு காசும் ஏறாது, குறையாது. அம்மகன் தந்தையோடு இரண்டு நாள் பேசாதிருந்தது எதற்காக என்று பின்னர் அறிந்தேன். அக்கேசட்டில் அவனும் அவன் தமக்கையும் போட்டியிட்டுப் பெற்ற நேரங்கள் இருந்தனவாம். தமக்கை மணமாகித் தொலைநாடு சென்றுவிட்டாள். அந்த எண்கள் இன்னும் அழியாதிருக்கின்றனவா என்று ஒருமுறை பார்க்க வேண்டும் என அவன் எண்ணியிருந்தானாம். பழைய பேப்பர்காரர் எடை போட்டபோது அது தராசில் ஏறவில்லை.

தந்தையைக் குறை கூற யான் துணியேன். மாற்றல் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள் நாம். லாரியில் இடம் குறைவு; பரணில் சாமான் மிகுதி. எதனை விடுவது என்னும்போது முதலில் விடுபடுவன விளையாட்டுப் பொருள்களே. நம் பாட்டிமார் பல்லாங்குழிப் பலகைகள் எல்லாம் எங்கே? காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் மரத்திலும் பித்தளையிலும் செய்த பல்லாங்குழிகள் விலைக்கு உள்ளன. நகரத்தார் வாங்கி வரவேற்பறையில் அழகுக்கு வைக்கின்றனர். பசு, காசி, தக்கம் என்று பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுக்கின்றனர்? நம் பக்கத்து வீட்டுக் கன்னடத் தாய்மார் அதே பலகையை அளகுளி மணெ என்றும், நம் தாயத்தை ஒத்த ஆட்டத்தைச் சௌக்காபாரா என்றும் கூறி ஆடுகின்றனர். மொழி வேறாயினும் சோழி ஒன்றே. பிறந்த மண்ணை விட்டு வந்த நாம் அவர்களோடு ஒரு பலகைமுன் அமர்ந்தால், பேச்சு தானே வளரும்.

ஆதலின், யான் உங்களை வேண்டிக்கொள்வன சிலவே. பரணை ஒழிக்குமுன், பிள்ளைகள் எங்கிருந்தாலும் ஒருமுறை கேளுங்கள். தொலைபேசியில் இரண்டு நிமிடம் போதும். வைத்திருப்பது என முடிவு செய்த விளையாட்டைச் சிதறாது வையுங்கள்: பெட்டி, விளக்கப் புத்தகம், இணைப்புக் கம்பிகள் யாவும் ஒன்றாக, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் இருக்கட்டும். இவ்வூர் மழைக்காலத்தில் அட்டையும் காகிதமும் விரைவில் பூசணம் பிடிக்கும். விற்பதாயின் எடைக்குப் போடாது, அறிந்தவரிடம் காட்டி விலை கேளுங்கள். வாங்குவதாயின் கடன் வாங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் ஆட்டத்தின் விதியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி அப்பொருளோடு சேர்த்து வையுங்கள். கார்ட் பந்தயமாயினும் சரி, பல்லாங்குழியாயினும் சரி, இவ்வாறு ஆடுவது, இன்னார் ஆடினர், இன்ன ஆண்டில் ஆடினர் என்று நான்கு வரி போதும். விதி அறியாத பொருளைப் பேரன் எடுத்துப் பார்த்தால் அது அவனுக்கு வெறும் மரம், வெறும் பிளாஸ்டிக்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த ஆண்டு விழாவில் காலையில் ஒரு மணி நேரத்தை விளையாட்டுக்கென ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு மூலையில் பல்லாங்குழியும் தாயமும் இருக்கட்டும்; மற்றொரு மூலையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் பழைய கார்ட் பந்தயமும் இருக்கட்டும். பாட்டி பேத்திக்குச் சோழி எண்ணக் கற்பிக்கட்டும். பேத்தி பாட்டிக்கு வாழைப்பழத் தோல் எறியக் கற்பிக்கட்டும். நுழைவுக் கட்டணம் வேண்டா. பலகை கொண்டுவரும் பொறுப்பை யான் ஏற்கின்றேன். கேம் பெட்டி வைத்திருக்கும் அன்பர்கள் இன்று மாலையே செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு வேண்டுகின்றேன்.